தொண்ணூற்றிரண்டுக்கு மேல்

ஐம்பத்தோரு கிலோ வரை.
அதுதான் என் பிரிவு.
முந்நூறு கிராம் கூடுதல் என்று தராசு சொன்னதால்
நட்டுச்சியில் மழைக்கோட்டு மாட்டி
குளச்சல் கடற்கரையில் ஓடினேன்.
வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்,
பிறகு என்னை.
எச்சிலையும் பாட்டிலில் துப்பித் துப்பி வெளியேற்றினேன்.
கடைசிச் சில கிராமுக்குக்
கழுத்து உத்தரியத்தைக் கழற்றி வைத்தேன்.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில்
ஆன்றோ கிளீட்டஸ் என்று ஒலிபெருக்கி கூப்பிட்டபோது
நாற்காலிகளில் பாதி காலி.
ஆட்கள் பழம்பொரிக்காரரின் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி.
இரண்டாம் சுற்றில் எதிராளியின் விலாவுக்குக் கீழே
ஒரு கொக்கிக்குத்து வைத்தேன் பாருங்கள்,
ஆறு மாதம் படித்தது.
அந்நேரம் என் அண்ணன் ததேயு
போனில் அனுப்பிய காசு வரவில்லை என்று
கடைக்காரரிடம் தகராறில் இருந்தான்.

ஜெயித்தேன்.
கைதட்டல் நெத்திலி ஏலம்போலச்
சட்டென்று முடிந்தது.

குற்றம் சொல்லவில்லை.
தினம் தின்பது நெத்திலிதான்.
ஆனால் ஓர் ஆனைத்திருக்கை கரைக்கு வந்தால்
குளித்துக்கொண்டிருந்தவனும் ஈரத்தலையோடு வருவான்.
வாங்க அல்ல,
பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக.

செல்வின்சிங் வந்தான். அருமனைக்காரன்.
வெட்டிய ரப்பர் தடிகளை லாரியில் ஏற்றுகிறவன்.
கயிறு தானாகத் தாழ்ந்துகொடுத்தது,
மேடைப் பலகை ஒருமுறை முனகியது.
எதிரில் களியக்காவிளைக்காரன், அவனும் ஒரு கதவளவு.
பழம்பொரிக்காரரே கரண்டியோடு வந்துவிட்டார்.
நானும்தான்.
மூக்கில் பஞ்சு, கைக்கட்டு அவிழ்க்காமல்,
இரண்டு பையன்களை விலக்கிக் கயிற்றோரம் போனேன்.

உண்மையில் மோசமான சண்டை.
ஒரு நிமிடத்தில் இருவருக்கும் இரைத்தது.
சேர்த்துக் கட்டிய விசைப்படகுகள்போல
சாய்ந்து உரசிக்கொண்டு நின்றார்கள்.
கோச் வர்க்கீஸ் என் காதில் சொன்னார்:
"இதுக்கு டிக்கெட்டு வேற."
ஆனால் அவர் இமைக்கவில்லை.

கமுகுக்குக் கீழே நடக்கிறவன் அண்ணாந்து பார்ப்பதில்லை.
தென்னைக்குக் கீழே
பேச்சின் நடுவிலும் ஒரு கண் மேலே போகும்.
விழாத தேங்காய்க்குள்ள மரியாதை அது.

மூன்றாம் சுற்றில் செல்வின்சிங் வலதுகையை வீசினான்.
படவில்லை. ஒரு சாண் தள்ளிப் போயிற்று.
அந்தத் தவறிய அடிக்கு மைதானம் எழுந்து போட்ட சத்தம்
பதினான்கு வயதிலிருந்து நான்
சரியாக அடித்த அடிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்ததில்லை.
அதில் என் சத்தமும் இருந்தது.
மூக்கிலிருந்து பஞ்சு தெறித்து விழுந்தது.

சுவரில் ஒட்டிய தாளில்
நாற்பத்தெட்டு வரை, ஐம்பத்தொன்று வரை, ஐம்பத்தேழு வரை,
எல்லாருக்கும் ஒரு வரை.
கடைசி வரியில் மட்டும்
தொண்ணூற்றிரண்டுக்கு மேல்.
எவ்வளவு மேல் என்று எழுதவில்லை.
கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன்.
சங்கத்தில் கடன் இவ்வளவு வரை,
மானிய டீசல் இத்தனை லிட்டர் வரை,
நகை திருப்ப இந்தத் தேதி வரை.

பிறகு, உடை மாற்றும் வகுப்பறையில்
நாலாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.
புள்ளியில் ஜெயித்திருந்தான். குனிய முடியவில்லை.
"மக்கா, இந்த ஷூ கயிற ஒண்ணு அவுத்துத் தா."
முட்டிபோட்டு அவிழ்த்தேன்.
"நீ எத்தன கிலோ?"
"அம்பத்தொண்ணு. நாளைக்கு பைனல்."
"அப்ப ராத்திரி ஒண்ணும் திங்கப்பிடாதோ?"
தலையாட்டினேன்.

பையிலிருந்து ஒரு வாழையிலைப் பொதி எடுத்தான்.
பிரிக்கப் போனவன் என்னைப் பார்த்தான்,
பிறகு பெஞ்சோடு சேர்ந்து
மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.
மரச்சீனிக் கிழங்கு. சாளைப் புளிமுளம்.
அந்த முதுகுக்குப் பின்னால்
ஒரு வள்ளத்தையே ஒளித்துவைக்கலாம்,
வாசனையை முடியாது.